பாட்டின் நடுவே பேசியவள்

எனக்கு ஆங்கிலம் தெரியாது. தெரியாமலேதான் அந்தக் கறுப்பினப் பெண்களின் பாட்டுக்கெல்லாம் அடிமையாகிக் கிடந்தேன். ஒருத்தி முன்னால் நின்று அடிவயிற்றிலிருந்து பாடுவாள். பின்னால் மூன்று பேர் "ஊ" என்று இழுத்து அவளுக்கு ஒத்து ஊதுவார்கள். திடீரென்று பாட்டை நிறுத்திவிட்டு அவள் பேச ஆரம்பித்துவிடுவாள். எவனோ ஏமாற்றிவிட்டான் போல என்று நானே முடிவு கட்டி, முகம் தெரியாத அவனைத் தமிழில் திட்டித் தீர்ப்பேன். ரங்கூனில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். டீக்கடையில், பஸ்ஸில் எங்கே போனாலும் இந்தப் பாட்டு ஓடும். பேச்சு வரும் இடத்தில் எல்லாரும் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள், என்னமோ எல்லாம் புரிந்த மாதிரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா மலேசியாவில் பினாங்குக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் ஒருவரைக் கட்டிக்கொண்டாள், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல். இனி அவள் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆனால் பினாங்கிலிருந்து யாராவது வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால் அவளுக்கு அடுப்படியில் கால் தரிக்காது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா திரும்பி வர வேண்டும்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது மேசை மேல் ஒரு கேசட் இருந்தது. அக்கா கொடுத்தனுப்பியதாம். கொண்டுவந்தவர் எங்கள் தெருக்காரர், அடுத்த மாதமே திரும்பிப் போகிறவர். யாருடைய கடிதத்தையும் கையில் வாங்க மாட்டார். காகிதத்தைக் கண்டால் விமான நிலையத்தில் நூறு கேள்வி கேட்பார்கள், பாட்டு கேசட் என்றால் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள் என்பார். உன் அக்கா பாட்டு அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரண்ட் இருந்த அரை மணி நேரத்தில் முதல் பக்கத்தைக் கேட்டேன். சொக்கிப் போனேன். மறுநாளே அதை எடுத்துக்கொண்டு பாட்டுப் பதியும் கடைக்கு ஓடினேன். வெளிநாட்டு ஒரிஜினல் ஒன்று கொடுத்தால் நமக்குப் பிடித்த பாட்டாகப் பார்த்து இரண்டு கேசட் பதிந்து தருவார்கள். அந்த ஒரிஜினலிலிருந்து ஊருக்கே பிரதி எடுத்து விற்பார்கள். இரண்டாவது பக்கத்தைக் கேட்காமலே கேசட்டைக் கொடுத்துவிட்டேன். பேராசை பிடித்த கழுதை நான்.

அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தெருக்காரரும் போனவர் போனவர்தான். கல் நெஞ்சுக்காரி, ஒரு வரி எழுதக்கூடவா கை வலிக்கிறது என்று வருடக்கணக்கில் அவளைக் கரித்துக்கொட்டினேன்.

ஏழெட்டு வருடம் ஓடிப்போனது. ரங்கூன் ஓரத்தில் இருக்கும் இன்சீனுக்கு ஒரு காரியமாகப் போய், ஊரைச் சுற்றி ஓடும் ரயிலைத் தவறவிட்டு, ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்டிராத பாட்டு ஒன்று ஓடியது. நடுவில் நின்றது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு பேச்சு.

"அம்மா, நான்தான். காயிதம் எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு, அதான் இதுல பேசுறேன். என்னைக் கட்டிக்கிட்டவரு விட்டுட்டுப் போயிட்டாரு. நான் முழுகாம இருக்கேன், அஞ்சு மாசம். வான்னு இதைக் கொண்டுவர்றவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, வந்துடறேன். இல்லேன்னா இங்கேயே இருந்துக்கறேன். தங்கச்சிகிட்ட சொல்லாதே, அழுவா."

மூன்று பெண்களும் "ஊ" என்று இழுத்தார்கள். பாட்டு தொடர்ந்தது.

அக்காவின் குரல். சுற்றிப் பார்த்தேன். ஒருவர் பேப்பர் படிக்கிறார், ஒருவர் பலகாரத்தை டீயில் முக்குகிறார். என் அக்கா வயிற்றுப் பிள்ளையோடு கெஞ்சுகிறாள், இவர்கள் டீ குடிக்கிறார்கள். கடைக்கார அம்மாளிடம் போய்ப் பர்மிய மொழியில் உளறினேன். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அந்தக் கேசட்டிலேயே தனக்குப் பிடித்த இடம் அதுதானாம், மனசு என்னவோ செய்யுமாம், அதற்காகவே இத்தனை வருடம் தேயத் தேயப் போடுகிறாளாம். அது ஆங்கிலம் இல்லையா என்று என்னையே கேட்டாள். அவளை என்ன சொல்வது? அந்தப் பாட்டுகளில் பெண்கள் நடுவில் பேசுவதுதான் வழக்கம். பதிந்த கடைக்காரரும் இதையும் அப்படித்தான் நினைத்திருப்பார். எத்தனை பிரதி எடுத்தாரோ, எத்தனை வீட்டில் என் அக்கா பேசினாளோ. பேசுவது என் கூடப் பிறந்தவள் என்று சொன்னதும் அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். கேசட்டை எடுத்து, கட்டியிருந்த பர்மிய லுங்கி முனையில் துடைத்து, என் கையில் வைத்தாள். காசு வாங்கவில்லை.

ரயிலில் வரும் வழியெல்லாம் அம்மாவை நினைத்துத்தான் பயந்தேன். மகள் கூப்பிட்டது காதில் விழாமலே போய்விட்டது என்று தெரிந்தால் தாங்குவாளா? வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். எல்லாம் என்னால்தான் என்று சொல்லி அழ வேண்டும், காலில் விழ வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேசட்டைப் போட்டேன். பாட்டு நின்றது, கரகரத்தது. "அம்மா, நான்தான்" என்று அக்கா சொல்வதற்கு முன்பே அம்மாவின் உதடு அசைந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அசைந்தது. கடைசி வார்த்தை வரை ஒன்று பிசகவில்லை.

"அன்னிக்கே கேட்டுட்டேன்டி," என்றாள். "நீ வேலைக்குப் போயிருந்தே."

இத்தனை வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை, அவளுக்கு ஏன் ஒரு பதில்கூடச் சொல்லவில்லை என்று கத்தினேன். அக்கம்பக்கம் கேட்கும் என்பதெல்லாம் மறந்துபோனது.

அம்மா கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"பதில் சொல்லாம இருப்பேனா? சொல்லி அனுப்பினேன்," என்றாள். "வராதேன்னு."