கன்னியம்மாவின் கரண்டிக் கை

செவ்வாய்க்கிழமை காலை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது கன்னியம்மாவின் மகள் செல்வியிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், அம்மா பூடுச்சி" என்றாள். பஸ்ஸைப் பிடித்துப் பெருநகர் நிறுத்தத்தில் இறங்கி ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் மாலை போட்டு வைத்திருந்தார்கள். முகம் அப்படியே இருந்தது. கோபமே தெரியாத முகம். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குத்தான் எப்போதும் கோபம் வரும், அன்றும் வந்தது.

நம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நினைவு மலர் போடுகிறோம், கன்னியம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அந்தச் சாம்பாரின் ருசியை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்து எழுதினால் அது பொய்யாகிவிடும்.

சத்துணவு தொடங்கிய மறு வருஷம். நான் அமைப்பாளர், கன்னியம்மா சமையல். நான் வாத்தியார் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்காரும் பெண் யாராயிருந்தாலும் ஊருக்கு டீச்சர்தான். கன்னியம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புருஷன் போனபின் இரண்டு வயது செல்வியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்திருந்தார். "இந்த வேல இல்லன்னா செங்கல் சூளைக்குத்தான் போவணும் டீச்சர். அந்த அனல்ல கொயந்தைய எங்க போட்டுக்கினு வேல செய்யறது?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் மரியாதையும் 'நீ'யும் ஒன்றாகவே வரும். என்னை டீச்சர் என்பார், அடுத்த மூச்சில் நீ என்பார்.

அவருக்கு எல்லாம் இடது கை. அடுப்பில் விறகு தள்ளுவது, அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்குவது, அண்டாவைக் கிளறுவது, எல்லாவற்றிலும் அந்தக் கைதான் முன்னால் போகும். சின்ன வயதில் அவருடைய அம்மா அந்தக் கையைத் துணியால் கட்டிப் போட்டாராம், விரலில் மிளகாய் அரைத்துத் தடவினாராம். "அவ்ளோ அடிச்சும் சாப்புடறதுக்கு மட்டும்தான் சோத்தாங்கை வந்துச்சி. மீதி வேலைக்கெல்லாம் பீச்சாங்கைதான் கூப்ட்டா வருது" என்று சிரிப்பார். வாளியை வலது கையில் தொங்கவிட்டு, கரண்டியை இடது கையில் பிடித்து வரிசையில் வந்தாரானால் ஒரு தட்டில் கூடாது, ஒரு தட்டில் குறையாது, தரையில் ஒரு சொட்டு விழாது. அப்படிப் பரிமாறுகிற ஆளை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

அந்தக் கைக்குத்தான் மனு வந்தது. எழுதியவர் துரைசாமி. ஏரிக்குக் கீழே நிலபுலன் உள்ளவர், பேரன் நம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. இந்த வேலைக்குத் தன் தம்பி வீட்டில் ஒருத்தியை நினைத்திருந்தார், கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு இடது கையால் அன்னம் இடுகிறாள், அது அவமரியாதை, தரித்திரம், உடனே ஆளை மாற்ற வேண்டும் என்று உத்திரமேரூர் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். கையெழுத்துப் போட்ட வீட்டுப் பிள்ளைகள் மத்தியானம் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். காலியாகக் கிடந்த இடத்தைத் தாண்டித் தாண்டிக் கன்னியம்மா பரிமாறினார். வியாழக்கிழமை அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்று தபால் வந்தது.

நான் செய்த முதல் தப்பு, "இனிமே சோத்தாங்கையாலதான் போடணும்க்கா" என்றது. அவர் மறுக்கவில்லை. மூன்று நாள், பாத்திரம் கழுவிய பிறகு, வாளியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு காலித் தட்டுகளை வரிசையாக வைத்துப் பழகினார். வலது கை கேட்கவே இல்லை. கரண்டி தட்டுக்கு வரும்வரை சரியாக வரும். கவிழ்க்கும்போது மணிக்கட்டு நடுங்கும். புதன்கிழமை சுடச்சுடச் சாம்பாரோடு அவரை வரிசையில் இறக்கினேன். நாலாவது தட்டில் கரண்டி புரண்டு, முனியம்மா என்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைமேல் ஊற்றியது. பிள்ளை வீறிட்டது. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றித் துணி சுற்றினேன். பயத்தில் எனக்கு வாய் நீண்டுவிட்டது. "கண்ணு இன்னா பின்னாடியா கீது உனக்கு?" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் கத்தினேன்.

கன்னியம்மா என்னைப் பார்த்தார். "நீ சொன்ன கைதான டீச்சர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் அன்று சாயங்காலம் ஒரு காகிதம் எழுதினேன். 'சமையலர் இடது கையால் பரிமாறுவதைப் பலமுறை கண்டித்தும் திருத்திக்கொள்ளவில்லை. வேறொருவரை நியமிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.' கீழே என் கையெழுத்து. என் வேலையும் தற்காலிகம்தான், என் வீட்டிலும் என்னை நம்பி மூன்று பேர் இருந்தார்கள். அதெல்லாம் காரணம்தான், ஆனால் நியாயம் இல்லை. செல்வி அப்போது என் காலடியில் உட்கார்ந்து சாக்பீஸைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வந்ததும் காகிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்தார். துரைசாமி நாலு பேரோடு வந்திருந்தார். அதிகாரி எந்தப் பேச்சும் எடுக்காமல், "முதல்ல சாப்பிடுவோம். பிள்ளைங்க எப்படிச் சாப்பிடுதோ அப்படியே நாமும் உக்காருவோம்" என்றார். பிள்ளைகளுக்கு எதிர் வரிசையில் எங்களுக்கு வாழையிலை போட்டார்கள். அதிகாரி, பக்கத்தில் துரைசாமி, கடைசியில் நான்.

கன்னியம்மா வாளியோடு வந்தார். கரண்டி வலது கையில் இருந்தது. நான் சொன்னபடியேதான் பிடித்திருந்தார். வரிசையின் முதல் தட்டு முனியம்மாவுடையது. கையில் துணிக்கட்டோடு அந்தப் பிள்ளை தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டது. கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. கன்னியம்மா அப்படியே நின்றார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன், வேண்டாம், கையை மாற்றாதே என்று. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வாளியைக் கீழே வைத்தார், கரண்டியை இடது கைக்கு மாற்றினார், வாளியை வலது கையில் தூக்கினார்.

"பயப்படாத கண்ணு. இது சுடாது" என்றார்.

பிள்ளை தட்டை முன்னால் தள்ளியது. அதன் பிறகு வரிசை முழுக்க அந்தக் கைதான். எங்கள் இலைக்கும் அந்தக் கைதான். துரைசாமி இலையிலிருந்து நிமிர்ந்து, "பாத்துக்கோ சார். உன் கண்ணு முன்னாடியே இன்னா தைரியம் பாரு" என்றார். அதிகாரி குனிந்து சோற்றைப் பிசைந்தார். கன்னியம்மாவின் வேலை போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பாதி இலையோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

சாம்பார் வாளியை எங்கள் வரிசைக்கு நடுவில் வைத்துவிட்டுக் கன்னியம்மா சோறு எடுக்க உள்ளே போனார். துரைசாமி மனுவைப் பற்றி அதிகாரியிடம் பேசிக்கொண்டே சாப்பிட்டார். நல்ல பசி போலிருக்கிறது, இலையில் சாம்பார் வற்றிவிட்டது. பேச்சு நிற்காமலே கையை நீட்டி வாளியிலிருந்த கரண்டியை எடுத்துத் தனக்கு ஊற்றிக்கொண்டார். அதிகாரியின் இலையும் காய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். "சார், இன்னும் கொஞ்சம்" என்று அவர் சோற்றின்மேலும் ஊற்ற ஒரு கரண்டி அள்ளி நீட்டினார்.

நீட்டியது இடது கையால். வேறு எந்தக் கையால் ஊற்றுவார்? வலது கை எச்சில். எச்சில் கையால் கரண்டியைத் தொடக் கூடாது என்பதுதானே நம் எல்லார் வீட்டிலும் வழக்கம். தண்ணீர் சொம்பை எடுப்பதும் அந்தக் கைதான், பக்கத்து இலைக்குக் குழம்பு ஊற்றுவதும் அந்தக் கைதான். தினம் மூன்று வேளை செய்கிறோம், ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

அன்று பட்டது. அதிகாரி கரண்டியைப் பார்த்தார். கூட வந்த நாலு பேரும் பார்த்தார்கள். துரைசாமியும் தன் கையைப் பார்த்தார். கரண்டி இலைக்கு மேலேயே நின்றுவிட்டது. கீழே வைக்கவும் முடியவில்லை, கவிழ்க்கவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கன்னியம்மா சோற்றுத் தட்டோடு வெளியே வந்தார். நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். மூன்று நாள் பட்ட பாட்டுக்கு அந்த மனிதரைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

கன்னியம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "பருப்பு அடில கீது நைனா. கலக்கி ஊத்துங்க" என்றார்.

கேலி துளிக்கூட இல்லை. சாருக்குத் தெளிவு மட்டும் போகிறதே என்ற கவலைதான். துரைசாமி தலையைக் குனிந்துகொண்டு, அதே கையால் கலக்கி, ஊற்றினார். அதற்கப்புறம் மனுவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அதிகாரி கை கழுவிவிட்டு, உணவும் பரிமாறுதலும் திருப்தி என்று பதிவேட்டில் எழுதினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை நீட்டினார். "இது எனக்கு வேணாம்மா, நீங்களே வச்சுக்குங்க" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. நேரே போய் அதை அடுப்பில் போட்டேன். கன்னியம்மா பக்கத்தில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறு வாரம் எல்லாப் பிள்ளைகளும் வரிசைக்குத் திரும்பினார்கள்.

கன்னியம்மா ஓய்வு பெற்ற நாளில், பொறுக்க மாட்டாமல் அவரிடம் சொன்னேன். "அக்கா, அன்னிக்கு உன்மேல நான் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தேன்." அவர் புது மாலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "தெரியும் டீச்சர். கையெழுத்துப் போட்ட பேப்பர நீ எப்பனா அடுப்புல போட்டு கீறியா? அன்னிக்கு ஒண்ணுதான் போட்ட."

"அப்ப ஏங்க்கா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ சாப்புடாம எழுந்து பூடுவ. ஆக்குன சோறு வீணாப் போவும்."

காகிதம் எரிந்த அன்று நான் பாதியில் விட்ட இலையைப் பார்த்து, அடுப்படியிலேயே எனக்கு மறுபடி சோறு போட்டவர் அவர்தான். மறுநாளும் போட்டார். அதற்கப்புறம் இத்தனை வருஷமும் போட்டார், ஒரு நாள்கூட முகம் மாறாமல், கரண்டி கொஞ்சமும் குறையாமல். தெரியாமல் போடுகிறார் என்றே நினைத்துச் சாப்பிட்டேன். தெரிந்தேதான் போட்டிருக்கிறார். கன்னியம்மாவுடையதாக என்னிடம் இருப்பது அந்தச் சோறு ஒன்றுதான். என் உடம்பு முழுக்க அதுதான் இருக்கிறது.