தைக்கக் கூடாத துணி

மரம் வெட்டும் கம்பெனி ஸ்டோரில் பேன்ட் வாங்கப் போகிறவன் அரை நாளை ஒதுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஸ்டோர்காரர் அப்படிப் படுத்துவார். "உட்காரு. எந்திரி. முட்டி போடு. காலைத் தூக்கி அந்தப் பெட்டி மேல வை." பூட்ஸுக்கும் பேன்ட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி தெரிந்தாலும் கழற்றச் சொல்லிவிடுவார். இறுக்கிப் பிடித்தால்தான் அழகு என்கிறவனிடம், "மரம் உன்னைப் பார்த்து மயங்கப் போகுதா?" என்பார். தொளதொளவென்று கேட்கிறவனிடம், "கிளையில மாட்டுச்சுன்னா நீ கீழ, பேன்ட் மேல" என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

அவரும் ரம்பம் பிடித்தவர்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிளை ரம்பத்தை எத்திவிட, அது இடது காலில் இறங்கியது. அந்தக் கால் இன்றுவரை முட்டியில் மடங்காது. அதற்குப் பிறகுதான் ஸ்டோர் வேலை.

ஸ்டோரில் தரும் அந்த பேன்ட் பார்ப்பதற்குத் தடித்த பேன்ட், அவ்வளவுதான். சூட்சுமம் உள்ளே இருக்கிறது. மேல்துணிக்குக் கீழே நீள நீளமான நூல்கள் அடுக்கடுக்காகத் தளர்ந்து படுத்திருக்கும். சங்கிலி ரம்பம் தவறிக் காலில் பட்டால், மேல்துணி கிழிந்து அந்த நூல்கள் கற்றையாக உருவிக்கொண்டு வரும். சங்கிலியில் சிக்கி, அதை ஓட்டும் சக்கரத்தைச் சுற்றி இறுக்கும். கண் இமைப்பதற்குள் ரம்பம் நின்றுவிடும்.

துவைப்பதிலும் கெடுபிடிதான். எண்ணெயையும் மரத்தூளையும் குடித்த பேன்ட்டில் நூல்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், வேண்டிய நேரத்தில் உருவி வராது. அதனால் சனிக்கிழமை மதியம் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் அவரே துவைப்பார். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தூளைத் தட்டுவார். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், லேசான சோப்பு. ப்ளீச் கிடையாது, வாசனைத் திரவம் கிடையாது, முறுக்கிப் பிழிவது கிடையாது, இஸ்திரி கிடையவே கிடையாது. நிழலில்தான் காய வேண்டும். "என் துணியை ஒரு நாளாவது இப்படித் துவைச்சிருக்கீங்களா?" என்று மனைவி கேட்பாள். "உன் துணி ரம்பத்தையா நிறுத்தப் போகுது?" என்பார்.

இத்தனை விதி பேசுகிற மனுஷர் ஒரு விதியை மட்டும் விழுங்கிவிடுவார். கிழிந்த பேன்ட்டைத் தைக்கக் கூடாது. தையல் அந்தத் தளர்ந்த நூல்களைக் குத்திக் கட்டிப்போட்டுவிடும். அப்புறம் ரம்பம் பட்டால் அவை உருவி வராது, அங்கேயே அறுந்துபோகும். கிழிசல் கண்ணில் பட்டால் பேன்ட்டைப் பிடுங்கிக் குப்பையில் போடுவாரே தவிர, ஏன் என்று சொல்ல மாட்டார்.

எப்படிச் சொல்வார்? ரம்பம் காலில் இறங்கிய அன்றைக்கு அவர் போட்டிருந்தது மனைவி தைத்துக் கொடுத்த பேன்ட். முள்வேலியில் கிழிந்ததை அவள் ஒட்டுத் துணி கொடுத்து, மெஷினில் இரட்டை வரியாக ஓட்டியிருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பையில் போட்டுக் கொடுத்த அந்த பேன்ட்டை, ஸ்டோர் வேலைக்கான பயிற்சியில் இந்த விதியைக் கேட்ட அன்று அவர் எடுத்துப் பார்த்தார். தையல் இல்லாத ஓரத்தில் நூல்கள் குஞ்சம் குஞ்சமாக வெளியே வந்திருந்தன. தையல் போட்ட இடத்தில் எல்லாம் மொட்டையாக அறுந்திருந்தன. யாருக்கும் தெரியாமல் அதைக் கொளுத்திவிட்டார். அவளோ, "என் தையல் மட்டும் இல்லேன்னா அவருக்குக் காலே இருந்திருக்காது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதையும் அவர் பதினோரு வருஷம் மறைத்தார். அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் வரும்?

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி இருக்கும். கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவர் வாசலிலேயே தையல் மெஷின் சத்தத்தைக் கேட்டார். உள்ளே மனைவி குனிந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய தம்பி. நாற்பது வயசு, தொழிற்சாலை மூடியதால் போன மாதம்தான் மரம் வெட்டச் சேர்ந்தவன். மெஷினில் கிடந்தது அவனுடைய பேன்ட். தொடையில் ஒரு வரி ஓடி முடிந்திருந்தது.

"நிறுத்து," என்றார்.

"கம்பியில கிழிஞ்சிடுச்சு மச்சான்," என்றான் தம்பி. "உங்ககிட்ட வந்தா திட்டுவீங்களேன்னு அக்காகிட்ட வந்தேன்."

"நாளைக்குப் புதுசு தர்றேன். இதைக் குடு."

"எதுக்குங்க புதுசு? நல்ல துணி," என்றாள் மனைவி. "இன்னும் ஒரு வரி ஓட்டினா இரும்பு மாதிரி நிக்கும்."

"கம்பெனி விதி. தைக்கக் கூடாது."

"உங்களுக்குத் தைச்சேனே, அப்ப எங்க போச்சு விதி?"

பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது என்று பார்த்தார். விஷயம் இந்த ஒரு பேன்ட்டோடு போயிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார். அவள் விடவில்லை. "நீங்க என்ன வேணா சொல்லுங்க, உங்க ஆளுங்களுக்கு என் தையல் மேலதான் நம்பிக்கை. ஏணிக்காரரு பேன்ட்டை மூணு வாரம் முன்னாடி தைச்சேன். டிரைவரோட தம்பியுது ஒண்ணு. அந்த நெட்டைக்காரருது ரெண்டு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாங்க."

நாளைக்குக் காலையில் அந்த மூன்று பேரும் ரம்பத்தோடு நிற்பார்கள். சோதனைக்கு அவரிடம் நல்லதைக் காட்டிவிட்டு, பழகிய பேன்ட் என்று தைத்ததைப் போட்டிருப்பார்கள். ஒருத்தியின் மனசு நோகக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டதற்கு மற்றவன் கால் போக வேண்டுமா? அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மடங்காத காலை நீட்டி உட்கார்ந்தார்.

கத்தரிக்கோலை வாங்கிக் கிழிசலுக்குப் பக்கத்தில் மேல்துணியை வெட்டினார். விரலை விட்டு இழுத்தார். வெள்ளை நூல்கள் சரசரவென்று முழம் முழமாக வந்தன. "இதுதான் ரம்பத்தை நிறுத்துது," என்றார். பிறகு தையல் ஓடிய இடத்தில் இழுத்தார். வரவில்லை. இன்னும் வேகமாக இழுத்தார். வரவில்லை.

தம்பிக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். மனைவி நூல்களையும் தையலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"அப்ப உங்க காலு?"

அவர் கத்தரிக்கோலை மெஷின் மேல் வைத்தார்.

"சொல்லுங்க. நான் தைச்ச இடத்துலதானா?"

"ஆமா."

ஒரு வார்த்தை. பதினோரு வருஷமாக நாக்கின் கீழே கிடந்தது, சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. மாடிவீட்டில் யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் எழுந்து மெஷினுக்கு உறையைப் போட்டாள். "டேய் தம்பி, முதல்ல ஏணிக்காரரு வீட்டுக்குப் போ," என்றாள். "அப்புறம் டிரைவர் வீடு. நெட்டைக்காரரு வெளிய போயிருந்தா அவரு சம்சாரத்துகிட்ட கேட்டு வாங்கு. ரெண்டு இருக்கு, ஒண்ணை மட்டும் வாங்கிட்டு வந்துடாதே. நான்தான் திருப்பிக் கேட்டேன்னு சொல்லு. ஏன்னு கேட்டா, அதையும் சொல்லு."

"அக்கா, அது எதுக்கு..."

"சொல்லு."

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். அவள் கணவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நீட்டியிருந்த காலின் முட்டியில் கையை வைத்தாள். இத்தனை வருஷமாக எண்ணெய் தேய்த்துவிட்ட கால்தான். இன்றைக்குத் தொடவே பயந்தமாதிரி தொட்டாள்.

"உனக்குத் தெரியாதுல்ல. எனக்கே அப்பத் தெரியாது," என்றார் அவர். "உன்னைக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான் சொல்லல."

அவள் தலையை ஆட்டினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா," என்றாள், "இத்தனை வருஷத்துல அழுது முடிச்சிருப்பேன். இனிமேதாங்க ஆரம்பிக்கணும்."