நடுவில் நடக்காதீர்கள்!

போன வாரம் பத்திரிகையில் உங்கள் பக்கத்தைக் காணோமே என்று அலுவிகாரைச் சந்தியில் இரண்டு பேர் மறித்துக் கேட்டுவிட்டார்கள். சொல்லிவிடுகிறேன் — நான் கொரியாவில் இருந்தேன். சப்பாத்தும் கையுமாக, ராஜாக்களின் ஆலய வாசலில் குளிரில் நடுங்கிக்கொண்டு!

என் மகன் தினேஷ் சியோலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில் வேலை செய்கிறான். அவன் அனுப்பிய டிக்கெட்டில்தான் போனேன். ஊர் பார்க்கும் ஆசையும் இருந்தது... ஆனால் உண்மைக் காரணம் வேறு.

போன வருஷம் அவன் அப்பா இறந்தபோது அவனால் வர முடியவில்லை. ஒரே மகன், கொள்ளி வைக்க வேண்டியவன். அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. போனில் நான் பேச்செடுத்தால், "ஷிஃப்டுக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுவான். பெற்றவளுக்கு இதைவிடப் பயம் வேறென்ன வேண்டும்? துக்கத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட பிள்ளையை நேரில் பார்க்கத்தான் போனேன்.

அவன் அப்பாவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மாத்தளை - இரத்தோட்டை பஸ்ஸில் கொண்டக்டர். எஸ்டேட் சனம் பிதுங்கி வழியும் பஸ்ஸில் இன்னும் நாலு பேரை ஏற்றிவிடுவார். "நடுவுல நிக்காதீங்க, முன்னுக்குப் போங்க!" — பஸ் வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும்.

நான் போய் இறங்கிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. "ஒரு எடத்துக்குப் போவமாம்மா?" என்றான். போனால், ஜொங்மியோ. அந்தக் காலத்துக் கொரிய ராஜா ராணிகளின் ஆவிகளுக்காகக் கட்டிய ஆலயம்.

ஆலயம் என்றதும் என் கால் சும்மா இருக்குமா? வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். குளிர் உள்ளங்காலில் ஏறி உச்சந்தலையில் அடித்தது! டிக்கெட் பார்க்கும் பெண் பதறிப்போய்க் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறாள்.

"போடுங்கம்மா, இங்க கழட்டத் தேவயில்ல" என்று தினேஷ் சிரித்தான். நான் வந்ததிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே கரடுமுரடான கல் பாதை. நடுப்பகுதி மட்டும் சற்று உயரம். நல்ல வசதியாக இருக்கிறதே என்று ஏறி நடந்தேன்.

"அம்மா, நடுவுல நடக்காதீங்க!" கையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

"ஏன்டா?"

"அது செத்தவங்க போற பாதைம்மா. நம்ம ஓரத்துலதான் போகணும். ராஜாவே உசுரோட இருக்கிறப்ப ஓரத்துலதான் போவாராம்."

பாதையின் முடிவில் நீண்ட மண்டபம். சிலை இல்லை, விபூதி இல்லை. வரிசையாக மூடிய கதவுகள். உள்ளே ராஜாக்களின் ஆவி தங்கும் சின்ன மரப்பலகைகள் இருக்கின்றனவாம். மூடிய கதவைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டிவந்தான்?

"ஒனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?"

கதவுகளைப் பார்த்தபடியே சொன்னான். "அப்பாவத் தூக்கின அன்னைக்கு இங்க வந்தேம்மா."

அன்றைக்கு எங்கள் பக்கத்து வீட்டு நஸீர் நானா, போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி ஊர்வலத்தோடு நடந்தார். தினேஷுக்கு வீடியோவில் எல்லாம் காட்டிக்கொண்டே போனார். மயானத்துக்குத் திரும்பும் வளைவில் சிக்னல் போய்விட்டது. அதற்கப்புறம் பிள்ளை அங்கே என்ன செய்தான் என்று அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது.

"ரூம்ல போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க போர்மன் வந்து என்னன்னு கேட்டாரு. எனக்கு அவங்க பாஷை வரல, அழுகைதான் வந்துச்சு. போன்ல மாலை போட்ட அப்பா படத்தக் காட்டினேன். அப்படியே கார்ல ஏத்தி இங்க கூட்டிக்கிட்டு வந்தாரு. நடுப்பாதையக் காட்டி 'அப்பா'ன்னாரு... அவங்களும் அப்பான்னுதாம்மா சொல்லுவாங்க. ஓரத்தக் காட்டி 'நீ'ன்னாரு. அவரு வாசல்லயே நின்னுட்டாரு. நான் அப்பாகூடவே இதுவரைக்கும் நடந்து வந்தேன்."

சொல்லி முடித்ததும் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். நானும்தான். பார்த்தவர்கள் எங்களை அந்த ராஜாக்களுக்குச் சொந்தக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா, சோறு கிடைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். அவன் அழுதால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று விசாரிக்கிறோமா? நானும் விசாரிக்கவில்லை. கேட்காமலே எனக்கு ஒரு மனிதர் கிடைத்திருக்கிறார்.

மறுநாள் ஃபேக்டரிக்குப் போய் அந்த போர்மனைப் பார்த்தேன். கொரிய மொழியில் நன்றி சொல்ல வழி நெடுகப் பழகிக்கொண்டு போனேன். அவரைக் கண்டதும் அது எங்கேயோ ஓடிவிட்டது. மாத்தளையிலிருந்து கொண்டுபோன ஏலக்காய்ப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டேன். அவர் இடுப்புவரை குனிந்தார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

அது மறுநாள். அன்றைக்கு ஆலயத்திலிருந்து நாங்கள் ஓரமாகவே, மெதுவாகத் திரும்பி வந்தோம். நடுப்பாதை காலியாகக் கிடந்தது.

"இத்தன ராஜா போற பாதையில ஒங்கப்பா எப்படிடா போயிருப்பாரு?" என்றேன்.

தினேஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அச்சு அசல் அவர் குரலிலேயே கத்தினான்: "ராஜா, நடுவுல நிக்காதீங்க... முன்னுக்குப் போங்க!"