ஊதுபத்தி அட்டைப் பெண்

தீப்பெட்டிப் படங்கள், பவுடர் டப்பா அழகிகள், காலண்டர் லட்சுமிகள் என்று பழைய அச்சுப் படங்களைப் பெரிய துணியில் எண்ணெய் வண்ணத்தில் வரைவது என் பிழைப்பு. ஒரு காலத்தில் ஜனங்கள் பிரித்துவிட்டுக் குப்பையில் போட்டதை இப்போது கம்பெனி வரவேற்பறைகளில் விளக்குப் போட்டு மாட்டுகிறார்கள்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நான் குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுக்கார ஆன்ட்டி, டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். நான்கு வருடங்களில் அவர் மேலே வந்ததெல்லாம் டர்பன்டைன் நாற்றத்துக்காக என்னைத் திட்டத்தான். போன வருடம் என் ஓவியக் கண்காட்சிக்கு மரியாதைக்காக அழைத்தேன். வந்துவிட்டார்.

நடுச்சுவரில் ஆறடிப் படம். பழைய ஊதுபத்தி அட்டையில் இருந்த பெண்: பெரிய பொட்டு, தலை நிறைய மல்லிகை, மடியில் வீணை. பக்கத்தில் மூன்று நாள் யோசித்து நான் எழுதிய குறிப்பு: 'எங்கும் இல்லாத பெண். ஆண்களின் கற்பனை செய்த முகம்.'

ஆன்ட்டி கண்ணாடி போட்டு அதை இரண்டு முறை படித்தார்.

"யாரும்மா சொன்னா எங்கயும் இல்லன்னு? இது நான்தான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பத்தொன்பது வயதில் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த போட்டோவாம். நன்றாக வந்திருக்கிறதென்று ஸ்டூடியோக்காரர் அதை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார். வழியில் போன ஓர் ஓவியர் அதைப் பார்த்து வரைந்து, பொட்டும் வீணையும் சேர்த்து, ஊதுபத்திக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்.

"எங்கப்பா சண்டை போடத்தான் போனாரு. காப்பி குடுத்து, கையில ரெண்டு டஜன் பாக்கெட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க. கிறிஸ்தவங்க வீட்ல அத ஏத்தவா முடியும்? அம்மா பீரோவுல பொடவைக்கு நடுவுல வச்சுட்டாங்க. ஒரு வருஷம் அந்த ஊதுபத்தி வாசனையோட நான் சர்ச்சுக்குள்ள நுழைஞ்சாலே எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"அந்த வரன்?"

"போயிடுச்சு. நல்லதுக்குத்தான். அவனுக்கு அப்பவே வழுக்க." மறுபடி படத்தைப் பார்த்தார். "மூக்கு ஸ்வல்ப ஜாஸ்தி, கொஞ்சம் பெருசா போட்டுட்ட."

கேலரி நடத்தும் பெண் என்னை ஓரமாக அழைத்து, படத்தை வாங்கியவரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றார். எனக்கும் சொல்ல விருப்பமில்லைதான். ஆனால் ஆண்களைக் குறை சொல்லிக் குறிப்பெழுதியவள், இவர் முகத்தைக் கேட்காமல் எடுத்தவர்கள் வரிசையில் கடைசியாக நிற்பது உறுத்தியது. மறுநாள் காலையில் படம் வாங்கியவருக்கு போன் செய்தேன். மென்பொருள் கம்பெனி மேலாளர். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இது யாரோ ஒருத்தரோட போர்ட்ரெய்ட் மேடம். எனக்கு அந்த ரெட்ரோ ஃபீல்தான் வேணும். நிஜமா இல்லாத ஆளா வேற இருந்தா காட்டுங்க."

படம் வீடு திரும்பியது. ஆன்ட்டியிடம் கொடுத்துப் பார்த்தேன். "பாஸ்டர் ஜெபத்துக்கு வந்தா இத எங்க ஒளிக்கிறது?" என்று மறுத்துவிட்டார். படியிறங்கப் போனவர் நின்றார். "நேர்ல உக்காந்தா வரைவியா?"

கல்லூரிக்குப் பிறகு உயிருள்ள ஆளைப் பார்த்து நான் வரைந்ததில்லை. அட்டைகள் அசையாது, பேசாது. ஆன்ட்டி சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு ஸ்வெட்டரோடு வந்து உட்கார்ந்து, மகளிடம் போனில் பேசிக்கொண்டே இருக்கிறார். தலை ஒரு நிலையில் நிற்பதில்லை. மூன்றாவது வாரம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். முகம் ஓரளவு வந்துவிட்டது. கைகள்தான் இன்னும் சரியாக அமையவில்லை.