சைக்கிள் சாயாத வேகம்

எனக்கு ஓரிடத்தில் நிற்கவே வராது. ரேஷன் வரிசையில்கூடக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருப்பேன். கல்லூரியில் நெடுந்தூர ஓட்டத்தில் சேர்ந்ததும் அதனால்தான். எழுபதுகளில், மயிலாப்பூரில், வயசுப்பெண் நடுரோட்டில் ஓடுவதென்றால் சும்மாவா? அப்பா ஒரு நிபந்தனை போட்டார். அண்ணா சைக்கிளில் கூடவே வர வேண்டும், நான் மயக்கம் போட்டு விழுந்தால் கேரியரில் உட்கார்த்தி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. சைக்கிளை ரொம்ப மெதுவாக ஓட்ட முடியாது. நான் கொஞ்சம் தளர்ந்தாலும் ஹேண்டில் பார் ஆட ஆரம்பிக்கும்.

"வேகமா ஓடேண்டி, சாயறது" என்பான் அண்ணா.

சாந்தோமிலிருந்து அடையாறு போய்த் திரும்பும்வரை, தினமும் பந்தயத்தில் ஓடுவது மாதிரியே ஓடினேன். நிஜப் பந்தயத்தன்று பாதியிலேயே கால் கல்லாகிவிட்டது. எல்லோருக்கும் பின்னால் வந்தேன். அடுத்த வருஷமும் முதல் மூன்றுக்குள் வராவிட்டால் ஓட்டத்தை மூட்டை கட்டிவிட வேண்டும் என்றார் அப்பா. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடாமல் இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஒரு நாள் அடையாறு பாலத்தருகே டயர் பஞ்சரானது. அண்ணா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் லொங்கு லொங்கென்று ஓடிவந்தான். அந்த ஆமை வேகத்தில் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே ஓடினேன். சாந்தோமில் மீன்கூடையோடு நின்ற அம்மாள் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா நைனா, வண்டிய வச்சிக்கினு நீயும் ஓடுறியே."

மறுநாள் காலையில் எழுந்தால் காலில் வலியே இல்லை. அப்போதுதான் உறைத்தது. வழிநெடுகத் திட்ட முடிந்ததென்றால் மூச்சு மிச்சமிருந்திருக்கிறது. தினமும் பந்தய வேகத்தில் ஓடித்தான் நிஜப் பந்தயத்துக்குக் காலில் ஒன்றும் மிஞ்சாமல் போயிருக்கிறது. அதன்பிறகு நீண்ட ஓட்டத்துக்கெல்லாம் அவனைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் வரச் சொன்னேன். பொறுமையில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஓடினேன். சைக்கிள் வேகம் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான்.

அடுத்த வருஷப் பந்தயம் நந்தனத்தில் முடிந்தது. அன்றும் கூடவே வந்த அண்ணா, தள்ளாமல் சைக்கிளில் ஏறி மிதித்தான். ஹேண்டில் பார் ஒருமுறைகூட ஆடவில்லை. பாதி தாண்டியும் கால் இன்னும் வேகம் கேட்டது. எனக்கு முன்னால் நான்கு பேர். அந்த நேரம் பார்த்துச் செயின் கழன்றது.

"நில்லுடி, மாட்டிண்டு வந்துடறேன்."

நின்றால் மூன்றாமிடம் போச்சு. நிற்காவிட்டால் அப்பாவின் நிபந்தனை போச்சு. கால் நிற்கவில்லை. ஒருத்தியைத் தாண்டினேன், கடைசித் திருப்பத்தில் இன்னொருத்தியை.

கோட்டைத் தாண்டி, மூன்றாவதாக வந்து நின்றபோது எதிரே அப்பா. அவர் பார்வை என் முதுகுக்குப் பின்னால் இருந்த ரோட்டில் இருந்தது.

"அண்ணா எங்கேடி?"

"செயின் கழண்டுடுத்துப்பா. பின்னாடி வந்துண்டிருக்கான்."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மெதுவா வரட்டும்" என்றார். "இனிமே அவன் எதுக்கு?"