ஓனர் வேலை எனக்கு வராதுக்கா

அந்தப் பெண் எங்கள் ஸ்டூடியோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள். கல்யாண ஆல்பம் கேட்டு வருகிறவர்கள் வழக்கமாகச் சண்டை போடத்தான் வருவார்கள். இவள் முகத்தில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "அண்ணா கீறாரா?" என்று கேட்டாள். பிறகு என்னிடமே சொன்னாள்: "எங்கப்பா போன மாசம் தவறிட்டாருக்கா. மண்டபத்துல மைக்க வாங்கிப் பேசினாரே, அது வீடியோவுல கீதா? ஆல்பம்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அத மட்டும் குட்த்துடுங்க."

உள்ளேயிருந்து என் தம்பி வந்தான். அவள் அப்பா பேசியது அவனுக்கு அப்படியே ஞாபகமிருந்தது. "'எம்பொண்ணுக்கு சமைக்கத் தெரியாது மாப்ள, நீங்க கத்துக்கோங்க'ன்னாரும்மா. எல்லாரும் சிரிச்சாங்க, அவரு மட்டும் கண்ணத் தொடச்சிக்கினாரு. குளோசப்ல எடுத்தேன்" என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் அந்த மெமரி கார்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. அவள் போன பிறகுதான் என்னிடம் அதைச் சொன்னான். அன்று அவனை அறையாமல் விட்டது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

அவனோடு தொழில் செய்வது அப்படித்தான் இருந்தது. ஏனாத்தூரில் காலேஜ் படிக்கப் போய்ப் பாதியில் வந்தான். பிறகு வண்ண மீன் வளர்த்தான், செல்போன் ரிப்பேர் கற்றுக்கொண்டான். கேமராவைத் தொட்ட பிறகுதான் ஓரிடத்தில் நின்றான். பஸ் ஸ்டாண்டு அருகே கடை பிடித்து, தன் பெயரைப் பெரிதாக எழுதி போர்டு மாட்டினான். எடிட்டிங் வேலைக்கு என்னை உட்கார வைத்தான். மண்டபத்தில் அவன் எடுக்கும் படங்களைப் பார்த்தால் திட்ட மனம் வராது. மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் எல்லாம் போச்சு. ஒரு ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க உட்காருவான். நடுவில் டிரோனைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதை மாட்டுவதற்குள் டீ குடிக்கப் போய்விடுவான். அவன் வாங்கித் தொலைக்காத திட்டே கிடையாது. நைனா அவனைச் சோம்பேறி என்பார். ஆனால் அவனைப்போல ஓடியாடி அலைகிற ஆளை நான் பார்த்ததில்லை. அலைந்ததில் பாதி, வைத்த பொருளைத் தேடித்தான்.

அந்தக் கார்டுக்காக வீட்டையும் கடையையும் புரட்டிப் போட்டோம். பீரோவை நகர்த்தினோம். சோபா மெத்தையைக் கிழித்தோம். அம்மா அரிசிப் பானைக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தாள். தம்பி செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துகொண்டே இருந்தான். கடைசியில், ஒரு கஸ்டமர் மண்டபத்தில் கொடுக்கத் தம்பியின் ஆதார் நகலைக் கேட்க, அவன் தன் போனின் மடக்கு உறையைப் பிரித்தபோது, நகலுக்குப் பின்னாலிருந்து அந்தக் கார்டு மேசைமேல் விழுந்தது. தொலையக்கூடாதென்று அவனே பத்திரமாக வைத்தது. தேடிய நாளெல்லாம் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தேடியிருக்கிறான்.

நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, எனக்கு இன்னாவோ கீதுக்கா. நான் வேணும்னு பண்லக்கா" என்றான். முப்பத்தைந்து வயது ஆண், வாடிக்கையாளர் எதிரிலேயே அழுதான்.

அந்தப் பெண்ணிடம் வீடியோவைக் கொடுத்த வாரமே காஞ்சிபுரத்தில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். நிறையக் கேள்வி கேட்டார், பள்ளிக்கூட நாட்கள்வரை போனார். இரண்டு மூன்று முறை வரவழைத்த பிறகு, ஏ.டி.எச்.டி. என்றார். கவனம் இல்லாமல் இல்லை, அதை வேண்டிய இடத்தில் நிறுத்தி வைக்க முடியாத மூளை அமைப்பு. பிறவியிலிருந்தே இருந்திருக்கும் என்று விளக்கினார். "அது சின்னப் பசங்களுக்கு வர்றது இல்ல?" என்றாள் அம்மா. "சின்னப் பசங்க பெரியவங்க ஆவாங்க இல்லம்மா?" என்றார் மருத்துவர். பெயர் தெரிந்துவிட்டது, இனி நிம்மதி என்று நினைத்தேன். அவன் மாத்திரை சாப்பிட மறந்தான். மறுபடி போக வேண்டிய தேதியை மறந்தான். "மறக்காம மாத்திர துண்றதுக்கு ஒரு மாத்திர குடுக்கச் சொல்லுடி" என்றாள் அம்மா.

மாத்திரை ஓரளவு கைகொடுத்தது. ஆனால் அவன் எடுத்த முடிவுதான் எங்களை உலுக்கியது. ஒருநாள் ஏணி போட்டு ஏறி, தன் பெயர் போர்டைத் தானே கழற்றினான். இனி மற்ற ஸ்டூடியோக்களுக்கு நாள் சம்பளத்துக்குப் படமெடுக்கப் போவதாகச் சொன்னான். மண்டபத்திலேயே கார்டை வாங்கிக்கொள்வார்கள். ஆல்பம் அவர்கள் பாடு. நைனாவுக்குத் தாங்கவில்லை. "ஓனரா இருந்தவன் கூலிக்குப் போறியாடா? ஊர்ல இன்னா சொல்வான்?" என்று குதித்தார். நானும் அவர் பக்கம்தான். எடிட்டிங் கணினியோடு என்னை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகிறானே என்ற எரிச்சல் எனக்கு.

அவன் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். "ஓனர் வேலை எனக்கு வராதுக்கா. வரும் வரும்னு இத்தினி வருஷம் எல்லாரையும் பேஜார் பண்ணிக்கினு இருந்தேன். எனக்கு வர்ற வேலைய நான் பாக்கறேன், உனக்கு வர்றத நீ பாரு." ஏணியில் சாய்ந்து நின்றபடி சொன்னான். அத்தனை வருடங்களில் அவன் ஒரு பேச்சை முழுதாக முடித்தது அன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது கடை என் பெயரில் இருக்கிறது. செங்கல்பட்டு வரைக்கும் அவனைக் கூப்பிடுகிறார்கள். யாராவது என்ன தொழில் என்று கேட்டால் முன்பெல்லாம் ஸ்டூடியோ, டிரோன், யூடியூப் சேனல் என்று மூச்சு விடாமல் அடுக்குவான். இப்போது "கேமராமேன்" என்கிறான், அவ்வளவுதான். ஆனால் அவனை வேலைக்கு அழைப்பவர்கள் எல்லாரும் விடிந்ததும் எனக்குப் போன் செய்கிறார்கள்: "அக்கா, தம்பி கிளம்பிட்டாரா?" நான் என்ன அவனுக்கு அலாரமா?

போன முகூர்த்தத்தில் கூரம் மண்டபத்திலிருந்து அவனே கூப்பிட்டான். "அக்கா, பேட்டரி எல்லாம் சார்ஜர்லயே கீதுக்கா. தாலி கட்டப் போறாங்க." வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஸ்கூட்டரை முறுக்கினேன். மண்டப வாசலிலேயே பேட்டரிகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஒரு நன்றி கிடையாது. திட்டுவதற்காகப் பின்னாலேயே போனேன். கெட்டிமேளம் முழங்கியது; எல்லாரும், இன்னொரு கேமராக்காரரும்கூட, தாலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் தாய்மாமன் கூட்டத்தின் ஓரத்தில் தனியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவன் மட்டும் அவர்மேல் கேமராவைத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். திட்டை அப்படியே விழுங்கிக்கொண்டு நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.