மஞ்சள் பந்தும் ஒன்பதாம் கட்டிலும்

மணிலாவுக்கு வெகு தூரத்தில் இருக்கிற எங்கள் மாகாண ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பேனர் தொங்குகிறது. 'எங்கள் வீராங்கனை' என்று எழுதி, நர்ஸ் மரிவிக்கின் படத்தைத் தபால்தலை அளவுக்கும் கவர்னரின் படத்தை ஆள் உயரத்துக்கும் போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போகிறேன். தினமும் காறித் துப்பத் தோன்றுகிறது.

நான் இசியோங். வயசுக்கு மரியாதையாக 'மாங்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மரிவிக்கைப் பற்றி அந்தப் பேனர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

மரிவிக் கபாஹுக் எதிர்த் தீவில் மீன்பிடிக்கிறவர் மகள். அப்பா படகை விற்று நர்ஸ் படிக்க வைத்தார். கூடப் படித்தவர்கள் ரியாத்துக்கும் லண்டனுக்கும் பறந்துவிட்டார்கள். இவளுக்கும் வேலை உறுதியாகியிருந்தது. அந்த மாதம் பார்த்து அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. தங்கிவிட்டாள். பதினேழு வருஷமாகப் பெண்கள் வார்டில் இருக்கிறாள். ஐம்பது நோயாளிக்கு ஒரு நர்ஸ்.

ஆரம்பத்தில் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே பாடுவாள். ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பிறகு பாட்டு நின்றது. பெயர்கள் போய்க் கட்டில் நம்பர்கள் வந்தன. எப்போது மாறியது என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

ஏப்ரலில் ஒன்பதாம் கட்டிலுக்கு பெர்லா என்ற பெண் வந்தாள். மூச்சு விட முடியவில்லை. இருக்கிற இரண்டு வென்டிலேட்டரிலும் ஆள். அப்படியானால் இங்கே வழக்கம் ஒன்றுதான்: கையால் அழுத்தி மூச்சு ஏற்றுகிற ஆம்பு பையைத் துணைக்கு வந்தவர் கையில் கொடுத்துவிடுவோம். ஐந்து எண்ணி ஒரு அழுத்து, ராத்திரி பகல் கிடையாது. பெர்லாவின் புருஷன் கிரிசாந்தோ, டிரைசிக்கிள் ஓட்டுகிறவன், மூன்று நாள் அழுத்தினான். மரிவிக் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு அவனுக்காக அரை அரை மணி நேரம் அழுத்தினாள்.

மூன்றாம் நாள் காலை பெர்லா போய்விட்டாள். மரிவிக் நாடி பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என் பக்கம் திரும்பினாள்.

"மாங் இசியோங், ஒன்பது காலி. வராந்தாவுல கெடக்குறவங்களக் கொண்டு வாங்க."

கிரிசாந்தோ இன்னும் பையை அழுத்திக்கொண்டிருந்தான்.

பெர்லாவை மூடத் துணி எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் என்ன சொன்னேன், மாங்?"

"ஒன்பது காலின்னு சொன்னீங்க."

"அவர் முன்னாடியா?"

"அவர் முன்னாடிதான்."

நயமாகப் பொய் சொல்ல எனக்கு வராது.

"எனக்கு எதுவுமே தோணல. அழுககூட வரல. கட்டில் கெடச்சுதேன்னு இருந்துச்சு. என்னை நெனச்சாலே குமட்டுது, மாங்."

அன்றைக்கே வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதினாள். காரணம்: கடும் மனச்சோர்வு. அங்கே போனால் ஆட்கள் நடந்து வந்து நடந்து போவார்கள். அவளுக்கு அது போதும். கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமை நர்ஸ் மிஸஸ் வில்யாருஸ்.

"வெள்ளிக்கிழமை மன அமைதி நிகழ்ச்சி வெச்சிருக்கோம், இன்டாய். அதுக்கு வந்துடு. அப்புறம் பாப்போம்" என்றார். இன்டாய் என்று கொஞ்சலாகக் கூப்பிட்டால் ஏதோ தலையில் விழப்போகிறது என்று அர்த்தம்.

மணிலாவிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். அவருக்கு முன்னாலேயே அவர் வாசனைத் திரவியம் ஹாலுக்கு வந்துவிட்டது. டூட்டியில் இருந்தவர்களைக் கூப்பிட்டு முதலில் ஆட வைத்தார்கள். பிறகு ஆளுக்கொரு பொட்டலம் பான்சித் நூடுல்ஸ். டூட்டியில் பான்சித் தின்றால் அன்றைக்கு நோயாளிகள் வரிசை கட்டி வருவார்கள் என்பது எங்கள் பயம். ஒருத்தரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. இதுகூடத் தெரியாதவர்கள் எங்கள் மனசைச் சரிபண்ண வந்திருந்தார்கள்.

கடைசியில் ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் பந்து. அதில் சிரிக்கிற மூஞ்சி.

"கவலையெல்லாம் உள்ள வெச்சு அழுத்துங்க. விட்டுடுங்க!"

நான் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். மரிவிக்கின் கையைப் பார்த்தேன். ஒரு அழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒரு அழுத்து. நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு நானும் எண்ணிப் பார்த்தேன். தப்பவே இல்லை.

பக்கத்தில் இருந்த நர்ஸ் ரொல்டானும் கவனித்துவிட்டான். "மாம், இது எந்தக் கட்டில் பேஷன்ட்? நெஞ்சு நல்லா ஏறி எறங்குதே!"

வரிசையே சிரித்தது. மரிவிக்கும் சிரித்தாள். கை நிற்கவில்லை.

பிறகு கருத்துப் படிவம் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் விருந்தாளி கொடுக்கிற படிவத்தில் யாரும் குறை எழுத மாட்டோம். தப்பான பல்லைப் பிடுங்கினவனுக்கும் 'மிக நன்று' போடுகிற ஜாதி நாங்கள்.

"கொறச்சுப் போட்டுடாதீங்க மாம், அந்தம்மா மூஞ்சி சுருங்கிடும்" என்றான் ரொல்டான்.

மரிவிக் வரிசையாக 'மிக நன்று' போட்டாள். கடைசிக் கேள்வி, உங்கள் மன பாரம் குறைந்ததா? 'முழுமையாக' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

நான்கு நாள் கழித்து மாற்றல் மனு திரும்பி வந்தது. மேலே அந்தப் படிவத்தின் நகல் குத்தியிருந்தது. 'பாரம் முழுமையாகக் குறைந்ததாகத் தாங்களே தெரிவித்துள்ளதால், மாற்றல் தேவைப்படவில்லை.'

அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு வாயில் வந்த வார்த்தை அச்சில் வராது. மரியாதையையே கண்ணியாக்கிக் காலில் மாட்டுகிற புத்தி இவர்களுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ.

மறுநாள் மறுபடி எழுதினாள். இந்தத் தடவை காரணம் இப்படி இருந்தது: 'ஒன்பதாம் கட்டிலில் ஒருத்தி இறந்தபோது, அவள் புருஷன் எதிரில், கட்டில் காலி என்று சொன்னேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.'

மிஸஸ் வில்யாருஸ் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நான் அறை வாசலில் நின்றிருந்தேன்.

"என்ன இன்டாய் இது? மேல போற பேப்பர். கௌரவமா 'சோர்வு'ன்னு போடேன்."

"சோர்வுன்னு போட்டதுக்குத்தானே பந்து குடுத்தீங்க, மாம்."

"சரி, அடுத்த நிகழ்ச்சிக்கும் வா. நல்லபடியா உக்காந்துட்டுப் போ. நானே இதைக் கையோட அனுப்பிடறேன்."

அந்த நிகழ்ச்சி போன வெள்ளிக்கிழமை நடந்தது. முதல் வரிசையில் அவள் பெயர் ஒட்டி ஒரு நாற்காலி போடச் சொன்னார்கள், போட்டேன். ஆள் வரவில்லை. கூட்டிக்கொண்டு வர என்னை அனுப்பினார்கள்.

பதினான்காம் கட்டிலில் ஒரு கிழவி. மகள் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மரிவிக் குனிந்தபடி பையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுறாங்க, மாம். போகலன்னா மாத்தல் கெடைக்காது."

"தெரியும்." அழுத்தினாள். எண்ணினாள். "இவங்க பேரு எஸ்தெல்லா, மாங். காலையில கேட்டுக்கிட்டேன்."

"அங்க என்ன சொல்லட்டும்?"

"கை காலியில்லன்னு சொல்லுங்க."

போய் மணிலா அம்மாள் காதிலும் மிஸஸ் வில்யாருஸ் காதிலும் விழுகிற மாதிரி அதையே சொன்னேன். மேடையில் பாட்டை நிறுத்தினார்கள். முதல் வரிசையில் அவளுக்குப் போட்ட நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு வந்து, பதினான்காம் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்தேன். குனிந்தே நின்று அவள் இடுப்பு போய்விட்டது.